மெஸ்னா குப்பையா, சாப்பாடா?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கோம். இடையில் வந்த ஆட்டோ ஹாரன் சத்தங்களை மட்டும் எடுத்தாச்சு.)

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு சொல்லைப் பத்தி. ரெண்டெழுத்துச் சொல். மெஸ்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ரெண்டு சம்பவம். முதல்ல சின்னதைச் சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, வீட்ல இருந்து வேலை பாத்துக்கிட்டிருந்தேன். மணி எட்டரை. பசி. எங்க டீம் சாட்ல, "இன் தி மெஸ், வில் பிங் இன் 30 மினிட்ஸ்"னு ஒரு வரி தட்டிட்டு செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். ரெண்டாவது தோசை இலைக்கு வர்றப்போ போன் அதிருது. அமெரிக்காவுல இருக்கிற எங்க டீம் ஆளு. "என்ன ஆச்சு? எந்த சர்வர்? நானும் கால்ல வரட்டுமா?"ன்னு வரிசையா மெசேஜ். அவர் காதுல விழுந்தது, "நான் பெரிய சிக்கல்ல இருக்கேன், அரை மணி நேரத்துல உயிரோட இருந்தா சொல்றேன்". நான் சொன்னது, "சாப்பிடப் போறேன்". கையில சட்னி. போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் அவர் அமைதியானார்.

இது சிரிச்சுட்டுப் போற விஷயம். ரெண்டாவது சம்பவம் அப்படி இல்ல.

போர்டை மாத்தணும் அண்ணா

நான் சாப்பிடறது மயிலாப்பூர்ல மாட வீதியிலிருந்து பிரியற ஒரு சந்துல இருக்கிற சின்ன மெஸ். பேரு சொல்லல, ஏன்னா அவங்க கேட்டுக்கிட்டாங்க. நாலு பெஞ்சு, ஒரு கை கழுவற தொட்டி, சுவத்துல ஒரு சாமி காலண்டர். நடத்தறது ஒரு அக்கா. அவங்க அப்பா ஆரம்பிச்ச கடை. எங்களை மாதிரி வெளியூர்லேருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு முப்பது பேருக்கு அங்க மாசக் கணக்கு உண்டு.

அக்காவோட பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம். சில மாசம் முன்னாடி என்கிட்ட வந்து, "அண்ணா, நம்ம கடையை டெலிவரி ஆப்ல போடணும், ஹெல்ப் பண்ணுங்க"ன்னா. சரின்னு லேப்டாப்பைத் திறந்தேன். கடை பேரு போடற கட்டம் வந்தப்போ, "மெஸ் வேண்டாம்ணா, ரெஸ்டாரன்ட்னு போடுங்க. போர்டையும் மாத்தப் போறோம்"ன்னா.

ஏன்னு கேட்டேன். முதல்ல, "ஆப்ல பாக்கறவங்களுக்கு டீசன்டா இருக்கும்"னு சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சுதான் உண்மை வந்துச்சு. கிளாஸ்ல ஒருநாள் எல்லாரும் எழுந்து தன்னைப் பத்தி இங்கிலீஷ்ல பேசணும். இவ, "மை மதர் ரன்ஸ் எ மெஸ்"னு சொல்லியிருக்கா. பின்னாடி பெஞ்சுல ஒரு சிரிப்பு. ஒருத்தன், "யுவர் மதர் இஸ் எ மெஸ்ஸா?"ன்னு கேட்டிருக்கான். கிளாஸே சிரிச்சிருக்கு.

"இங்கிலீஷ்ல மெஸ்னா குப்பைதானேண்ணா? நாம தப்பா யூஸ் பண்றோம். அம்மா அதுல நிக்கிறாங்க, அவங்களுக்கே தெரியல"ன்னா. அக்கா உள்ளேருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. எதுவும் சொல்லல. சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாங்க.

எனக்கு அந்த நிமிஷம் பதில் தெரியல. "ஒரு வாரம் டைம் குடு, பாத்துச் சொல்றேன்"னேன். அந்த ஒரு வாரம் படிச்சதுதான் இந்த எபிசோட்.

மெஸ் எங்கேருந்து வந்துச்சு?

நேரா விஷயத்துக்கு வர்றேன். இங்கிலீஷ்ல மெஸ்ஸுக்கு முதல் அர்த்தம் சாப்பாடு. குப்பைங்கற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்தது.

மூலம் லத்தீன். 'மித்தெரே'ன்னு ஒரு வினைச்சொல், அர்த்தம் 'அனுப்பு'. பிற்கால லத்தீன்ல அதுக்கு 'வை' அப்படிங்கற அர்த்தமும் வந்துச்சு. அதிலிருந்து 'மிஸ்ஸும்', அதாவது மேல வைக்கப்பட்டது, சமையலறையிலிருந்து பந்திக்கு அனுப்பப்பட்டது. பழைய பிரெஞ்சுல அது 'மெஸ்' ஆச்சு. இன்னிக்கும் பிரெஞ்சுல 'மே'ன்னு உச்சரிக்கிற ஒரு சொல் இருக்கு, சமைச்ச பதார்த்தம்னு அர்த்தம். பிரெஞ்சு பேசின நார்மன்கள் 1066-ல் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு, சமையலறைச் சொற்கள் நிறைய இங்கிலீஷுக்குள்ள போச்சு. 1300 வாக்குல மெஸ்ஸும் போயிடுச்சு. அர்த்தம், ஒரு ஆளுக்குப் பரிமாறற ஒரு பங்கு உணவு.

1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல இந்த அர்த்தம் அப்படியே இருக்கு. யோசேப்பு எகிப்துல தன் சகோதரர்களுக்கு விருந்து வைக்கிற இடம். எல்லாருக்கும் போற பங்கைவிட பென்யமீனுக்கு அஞ்சு மடங்கு போகும். அங்க 'பங்கு'ங்கற இடத்துல ஆங்கிலத்துல இருக்கிற சொல் மெஸ். அன்புத் தம்பிக்கு அஞ்சு மெஸ். நம்ம ஊர் பாஷையில சொன்னா, தெரிஞ்ச பையனுக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு கரண்டி.

இங்க ஒரு குறுக்கு வழி. நிறையப் பேர், "மெஸ், மேசை ரெண்டும் ஒண்ணுதானே? மேசையில வைச்சு சாப்பிடறதால மெஸ்"னு நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்ல. நம்ம மேசை போர்த்துகீசியச் சொல். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் வந்த அதே கப்பல்ல வந்தது. மயிலாப்பூருக்குப் பக்கத்துல சாந்தோம்ல 16-ம் நூற்றாண்டுலேயே போர்த்துகீசியர்கள் குடியிருந்தாங்க. அந்தச் சொல்லோட லத்தீன் மூலம் 'மென்சா', வேற வேர். மெஸ்ஸும் மேசையும் ஒரே மாதிரி இருக்கிற, ஆனா சொந்தமே இல்லாத ரெண்டு பேர்.

அப்ப மெஸ்ஸுக்கு உண்மையான சொந்தக்காரங்க யாரு? இது என்னை மாதிரி ஐடி ஆளுங்களுக்கு. மெசேஜ், மிஷன், மிசைல், பெர்மிஷன், சப்மிட், டிரான்ஸ்மிட், ப்ராமிஸ், அப்புறம் நாம தினமும் பத்து தடவை பண்ற கமிட். எல்லாமே அந்த 'அனுப்பு'ங்கற வேர்லேருந்து வந்தவை. அதாவது கோட் கமிட் பண்றதும், இலைக்கு சாம்பார் அனுப்பறதும் ஒரே குடும்பம்.

நாலு பேர் சேர்ந்தா ஒரு மெஸ்

அடுத்த கட்டம்தான் நமக்கு முக்கியம். 15-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல மெஸ்ங்கற சொல் தட்டிலிருந்து ஆளுக்குத் தாவுது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடற குழுவுக்கே பேரு மெஸ். பெரிய விருந்துகள்ல நாலு நாலு பேரா உட்கார வைச்சு, அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பாத்திரத்துல பரிமாறுவாங்க. அதனால மெஸ்னாலே நாலு பேர்னு ஆச்சு. ஷேக்ஸ்பியர்கூட நாலு பேர்ங்கற அர்த்தத்துல இதைப் பயன்படுத்தியிருக்கார்.

இந்தப் பழக்கம் லண்டன்ல வக்கீலுக்குப் படிக்கிற 'இன்ஸ் ஆஃப் கோர்ட்'ல இன்னும் உசிரோட இருக்கு. அங்க விருந்துக்கு உட்கார்ற நாலு பேர் குழுவை மெஸ்னுதான் சொல்வாங்க. அங்க படிச்ச ஒருத்தரை நமக்கு நல்லாத் தெரியும். 1888-ல் இன்னர் டெம்பிள்ல சேர்ந்த காந்தி. அந்தக் காலத்துல பரீட்சை மட்டும் பாஸ் பண்ணினா பத்தாது, ஒவ்வொரு டெர்ம்லயும் இத்தனை விருந்துக்கு வந்தேன்னு கணக்குக் காட்டணும். நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் ஒயின். காந்தி குடிக்க மாட்டார். அதனால அவரைத் தங்க குழுவுல சேர்த்துக்க ஒரே போட்டியாம், மிச்சம் மூணு பேருக்கு ரெண்டு பாட்டில் கிடைக்குமே! இதை அவரே சத்திய சோதனையில எழுதியிருக்கார். நம்ம டீம் அவுட்டிங்ல குடிக்காத பையனை எல்லா காரும் கூப்பிடுமே, அதே கதைதான். 

கப்பல்லயும் இதேதான். 18-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில மாலுமிகள் சின்னச் சின்ன மெஸ்ஸா பிரிஞ்சிருப்பாங்க. ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் ஒரு நம்பர். முறை வைச்சு ஒருத்தர் போய் தன் குழுவுக்கான சாப்பாட்டை வாங்கிட்டு வரணும். ஒருத்தர் செத்துட்டா, 'மெஸ் நம்பரை இழந்துட்டான்'னு சொல்ற வழக்கம் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, சாவைச் சொல்றதுக்கே பந்தியில காலியான இடத்தைத்தான் சொல்லியிருக்காங்க.

ராணுவத்துல ஆபீசர்ஸ் மெஸ் வந்துச்சு. பட்டாளத்தோட சேர்ந்து அந்தச் சொல் நம்ம ஊருக்கும் வந்துச்சு. அப்புறம் ஹாஸ்டல்.

டிவைடிங் சிஸ்டம் ஞாபகம் இருக்கா?

தமிழ்நாட்டுல ஹாஸ்டல்ல படிச்சவங்களுக்கு இது தெரியும். மெஸ் பில் எப்படி வரும்? டிவைடிங் சிஸ்டம். அந்த மாசம் அரிசி, காய்கறி, பால், கேஸ், சமையல் ஆளுங்க சம்பளம் எல்லாத்தையும் கூட்டு. எத்தனை பேர், எத்தனை நாள் சாப்பிட்டாங்கன்னு பாரு. அதால வகு. உதாரணத்துக்கு, மொத்தச் செலவு 6 லட்சம்னு வைங்க. 200 பேர், 30 நாள், ஆக 6,000 ஆள்-நாள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 ரூபாய். நீ பத்து நாள் ஊருக்குப் போனா, எழுதிக் குடுத்துட்டுப் போனா, 20 நாளைக்குத்தான் காசு.

இதுல லாபம்னு ஒரு வரி இல்ல பாருங்க. சேர்ந்து சாப்பிடறோம், சேர்ந்து செலவைப் பிரிச்சுக்கறோம். நாங்க காலேஜ்ல அந்த பில்லைப் பாத்து எவ்ளோ திட்டியிருக்கோம்! ஆனா அந்த பில்லுலதான் பழைய அர்த்தம் பத்திரமா இருந்திருக்கு.

இதே சொல் கொல்கத்தாவுக்குப் போனா வேற முகம். அங்க மெஸ்னா தங்கற இடம். வேலைக்கும் படிப்புக்கும் நகரத்துக்கு வந்த ஆண்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடிச்சு, சமையலுக்கு ஆள் வைச்சு வாழ்ந்த வீடு. சரதிந்து பந்தோபாத்யாய் எழுதின துப்பறியும் கதைகள்ல, வ்யோம்கேஷ் பக்ஷியும் அஜித்தும் முதல்ல சந்திக்கிறதே ஒரு மெஸ்லதான். நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷனையும், கீழ இருக்கிற சாப்பாட்டுக் கடையையும் ஒண்ணாச் சேர்த்தா அதுதான் கொல்கத்தா மெஸ்.

நம்ம ஊர்ல தங்கறது கழண்டு போய் சாப்பாடு மட்டும் நின்னுடுச்சு. ஹோட்டலுக்கும் அதே கதைதான். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் மூணும் ஒரே வேர், விருந்தாளியை வைச்சுப் பாத்துக்கிற இடம். வெளிநாட்டுல ஹோட்டல்னா படுக்கணும். நம்ம ஹோட்டல்ல சாப்பிட்டு அஞ்சு நிமிஷம் கூட உட்கார்ந்திருந்தா, பின்னாடி ஒருத்தர் இலைக்காக நிப்பார்.

ஆனா மெஸ் வேற, ஹோட்டல் வேற. இது சென்னைக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மெஸ்ல மெனு கார்டு தேவையில்ல, என்ன இருக்குன்னு நாம கேக்கணும். நேரம் உண்டு, சாப்பாடு தீர்ந்தா கடை மூடியாச்சு. வீட்டு ருசின்னு ஒரு சொல்லாத வாக்குறுதி உண்டு. தெரிஞ்ச முகத்துக்குக் கணக்கு உண்டு. மயிலாப்பூர்ல கற்பகாம்பாள் மெஸ், ராயர் மெஸ், திருவல்லிக்கேணில காசி விநாயகா மெஸ், சேப்பாக்கத்துல 1961-ல் தொடங்கின நாயர் மெஸ், மதுரைக்குப் போனா அசைவத்துக்கு அம்மா மெஸ், குமார் மெஸ். இதுல சிலது இன்னிக்கு நல்லாப் பெரிசாகி, ஹோட்டல்னு சொல்லிக்க எல்லாத் தகுதியும் இருக்கிற கடைகள். இருந்தாலும் அந்தச் சொல்லை விடல. ஏன்னா அந்தச் சொல்லுக்கு இங்க மதிப்பு இருக்கு.

அப்ப குப்பை எப்ப வந்துச்சு?

இதுதான் அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி.

தட்டுல வர்ற மெஸ் பெரும்பாலும் கூழ், கஞ்சி மாதிரி கொழகொழன்னு கலந்த உணவு. பழைய பைபிள் கதையில ஏசா தன் மூத்த மகன் உரிமையையே ஒரு கிண்ணம் பருப்புக் கூழுக்காகத் தம்பிகிட்ட வித்துடுவான். ஆங்கிலத்துல அந்தக் கூழுக்கும் மெஸ்னுதான் பேர். 'மெஸ் ஆஃப் பாட்டேஜ்'. அற்பத்துக்காகப் பெரிசை விடறதுக்கு இன்னிக்கும் அதைச் சொல்றாங்க.

18-ம் நூற்றாண்டுல மாட்டுக்கும் பன்னிக்கும் கலக்கி வைக்கிற தீனிக்கும் அந்தப் பேர் போச்சு. அங்கேருந்து மதிப்பு இறங்க ஆரம்பிக்குது. 1820-கள் கடைசியில, எதை வேணா கலந்து கட்டின கலவைன்னு அர்த்தம். 1830-கள்ல, குழப்பமான நிலைமை. 1850 வாக்குல, அலங்கோலம், அசுத்தம். அவ்ளோதான். சாப்பாடுங்கற அர்த்தத்துக்கு ஏழு நூறு வருஷம் வயசு. குப்பைங்கற அர்த்தத்துக்கு இருநூறு வருஷம்கூட முழுசா ஆகல.

பின்னாடி பெஞ்சுல சிரிச்ச பையனுக்குத் தெரிஞ்சது கடைசி அத்தியாயம் மட்டும்தான்.

ஆனா ஒரு நேர்மையான விஷயம். பழைய அர்த்தம்தான் சரியான அர்த்தம்னு நான் வாதாட வரல. சொல்லோட அர்த்தம் இன்னிக்கு ஆளுங்க எப்படிப் புரிஞ்சுக்கறாங்களோ அதுதான். அமெரிக்காவுல இருக்கிற ஆளுக்கு நான் மெசேஜ் போடறப்போ, அவருக்குப் புரியற மாதிரி போட வேண்டியது என் வேலை. அந்த ராத்திரி தப்பு என்னோடது. 1300-ம் வருஷத்து பிரெஞ்சைக் காட்டி அவர்கிட்ட ஜெயிக்க முடியாது.

அதே நியாயம் இந்தப் பக்கமும் உண்டு. மயிலாப்பூர்ல இருக்கிற ஒரு போர்டைப் படிக்கிறது மயிலாப்பூர் ஆளு. அவருக்கு மெஸ்னா சூடான சாப்பாடு. அதுல தப்பு எங்க இருக்கு?

காரக்குழம்பு

ஒரு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடை மூடற நேரம். இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். பென்யமீன், காந்தி, கப்பல், எல்லாம். பொறுமையா கேட்டா. கேட்டுட்டு, "இவ்ளோத்தையும் போர்டுல எழுத முடியுமாண்ணா? கிளாஸ்ல சிரிக்கிறவன்கிட்ட லத்தீன் சொல்லணுமா?"ன்னா.

நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல.

அப்பதான் அக்கா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பேசினாங்க. ஒரு வாரமா எதுவும் சொல்லாதவங்க. "ஏண்டி, குழம்பு வைக்கிறேன் இல்ல, காரக்குழம்பு? குழம்புன்னாலும் குழப்பம்தானே? உங்கப்பா கணக்குப் பாக்கறப்ப தினம் குழம்பறார். அதுக்காக காரக்குழம்புக்குப் பேர் மாத்துவியா?"

நான் அப்படியே நின்னுட்டேன். ஒரு வாரம் நான் லத்தீன் பிரெஞ்சுன்னு அலைஞ்சேன், பதில் அடுப்படியிலேயே இருந்திருக்கு. குழம்புங்கற பெயர்ச்சொல், தட்டுல ஊத்தறது. குழம்புங்கற வினைச்சொல், மண்டைக்குள்ள நடக்கறது. கலங்கிக் கெட்டியா ஒண்ணோட ஒண்ணு சேர்றதுங்கற ஒரே எண்ணத்துலேருந்து ரெண்டும் வருது. மெஸ் இங்கிலீஷ்ல நடந்த அதே பாதையில தமிழ் தன் போக்குல நடந்திருக்கு. படத்தைக் கெடுத்துட்டா 'கதையைக் கொத்து பரோட்டா போட்டுட்டான்'னு சொல்றோம். ஆனா கொத்து பரோட்டா கடை முன்னாடி கூட்டம் குறையுதா? ஒரே சொல் ரெண்டு வேலை பாக்கும். எந்த வேலைன்னு இடம் சொல்லும்.

பொண்ணு சிரிச்சா. ஆனா உடனே ஒத்துக்கல. "யோசிக்கிறேன்"னா.

ரெண்டு நாள் கழிச்சு ஆப்ல லிஸ்டிங் போட்டோம். பேர்ல மெஸ் இருக்கு. அதுக்குக் கீழ, 'வீட்டுச் சமையல், 11.30 முதல் தீரும் வரை'ன்னு ஒரு வரி, அவளே எழுதினது. போர்டைப் புதுசா பெயின்ட் பண்ணினாங்க, எழுத்தை மாத்தல. கிளாஸ்ல அடுத்த தடவை என்ன சொன்னான்னு கேட்டேன். "மை மதர் ரன்ஸ் எ மெஸ், அண்ட் தர்ட்டி பீப்பிள் ஈட் பிகாஸ் ஆஃப் ஹெர்"னு சொன்னாளாம். யாராவது சிரிச்சாங்களான்னு கேட்டேன். "ஒருத்தன் சிரிச்சான். பரவால்ல"ன்னா.

எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஸ்கிரிப்டை அவகிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்க வீட்டு விஷயம் இல்லையா. முழுசும் கேட்டுட்டு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னா.

"கமிட், ப்ராமிஸ் எல்லாம் மெஸ்ஸோட சொந்தக்காரங்கன்னு சொல்றீங்களே அண்ணா, அது சூப்பர். போன மாசக் கணக்கு 640 ரூபாய் பாக்கி. அஞ்சாம் தேதி ப்ராமிஸ் பண்ணீங்க."

குடுத்துட்டேன் மக்களே. ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்.

உங்க ஊர்ல மெஸ்னா என்ன அர்த்தம், உங்க ஹாஸ்டல் மெஸ் பில் கதை என்னன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். நேரத்துக்குச் சாப்பிடுங்க.